மூளைநீர் ஷன்ட் அறுவைக்குப் பின் முதியவர்களின் யோசனையும் மனநிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயதானவர்களுக்கு நடை தடுமாறும், சிறுநீரை அடக்க முடியாமல் போகும், யோசனை மந்தமாகும். இந்த மூன்றும் சேர்ந்து வரும்போது மருத்துவர்கள் சந்தேகிக்கும் நோய்களில் ஒன்று நார்மல் பிரஷர் ஹைட்ரோகெஃபலஸ், சுருக்கமாக என்.பி.எச். மூளைக்குள் நீர் தேங்கும் இந்த நோய்க்கு, அந்த நீரை வடியவிடச் செய்யப்படுவதுதான் ஷன்ட் அறுவை. நடை தேறினால் யாருக்கும் கண்ணில் படும். ஞாபகமும் மனசும் எப்போது, எவ்வளவு தேறும் என்பது எளிதில் தெரியாது. வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் அதிகம் தவிப்பதும் அங்கேதான். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

ஷன்ட் வைத்ததும் மூளைக்குள் என்ன மாறுகிறது?

மூளைக்குள்ளும், மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியும் எந்த நேரத்திலும் ஏறக்குறைய 150 மி.லி. நீர் இருக்கிறது. உடல் ஒரு நாளைக்கு சுமார் 500 மி.லி. புதிதாகச் சுரக்கிறது, அதே அளவு ரத்தத்தில் கலந்துவிடுகிறது. என்.பி.எச்.சில் இந்த வடிதல் கெடுகிறது. மூளையின் நடுவே உள்ள நீரறைகள் விரிந்து, அவற்றை ஒட்டிச் செல்லும் நரம்பிழைகளை இழுத்துப் பிடிக்கின்றன. அந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டமும் குறைகிறது. கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் முன்மூளைக்கும் போகும் தொடர்புகள் அந்த வழியில்தான் இருக்கின்றன. நடை, சிறுநீர், யோசனை மூன்றும் ஒன்றாகப் பழுதாவது இதனால்தான். கொலம்பியாவின் பொகோட்டாவில் பணிபுரிந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சலமோன் ஹக்கீம், அமெரிக்க மருத்துவர் ரேமண்ட் ஆடம்ஸுடன் சேர்ந்து 1965-இல் இதை விவரித்து எழுதினார். அதுவரை இப்படிப்பட்டவர்களில் பலர் ‘வயசாயிடுச்சு’ என்று கைவிடப்பட்டார்கள்.

ஷன்ட் என்பது நீரறையிலிருந்து தோலுக்கடியில் வயிற்றுக்குள் போகும் மெல்லிய சிலிக்கோன் குழாய். காதுக்குப் பின்புறம் தோலுக்கடியில் ஒரு வால்வு இருக்கும். எவ்வளவு அழுத்தம் சேர்ந்தால் நீர் வடியவேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. இடுப்புத் தண்டுவடத்திலிருந்து வயிற்றுக்குக் குழாய் போடும் முறையும் உண்டு, ஜப்பானில் அது பரவலாகச் செய்யப்படுகிறது.

ஷன்ட் இழுபட்ட நரம்புகளின் சுமையைக் குறைக்கும். செத்துப்போன செல்களை அது மீட்காது, அல்சைமர் என்ற மறதி நோயில் மூளையில் சேரும் படிவுகளையும் கரைக்காது. இன்னொன்று: அறுவைக்குப் பிந்தைய சிடி ஸ்கேனில் நீரறைகள் சுருங்காமல் அப்படியே தெரியலாம். ஆள் தேறியிருந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஞாபகம் முழுதாகத் திரும்புமா?

முழுதாக என்று யாராவது வாக்குக் கொடுத்திருந்தால், அது கொடுத்திருக்கக் கூடாத வாக்கு. என்.பி.எச்.சில் முதலில் கெடுவது யோசனையின் வேகம், கவனம், திட்டமிடுதல், ஒரு காரியத்தைத் தானாகத் தொடங்கும் உந்துதல். தேறும்போதும் இவைதான் அதிகம் தேறும். கேள்வி கேட்டால் அரை நிமிடம் கழித்துப் பதில் சொன்னவர் ஐந்து நொடியில் சொல்வார். சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் தானே போட்டுக்கொள்வார்.

ஞாபகம் எந்த வகையில் கெட்டிருக்கிறது என்பதைப் பார்த்தால் எதிர்பார்ப்பை ஓரளவு சரியாக வைத்துக்கொள்ளலாம். “நேற்று யார் வந்தது?” என்று கேட்டால் தெரியவில்லை என்கிறார். “மாம்பழம் வாங்கிட்டு வந்தாங்களே” என்று துப்புக் கொடுத்ததும் “ஆமா, தங்கச்சி மக” என்கிறார். செய்தி உள்ளே பதிந்திருக்கிறது, எடுத்துக்கொடுக்கும் வழிதான் மந்தம் என்று பொருள். இது ஷன்டால் தேற வாய்ப்புள்ள வகை. எத்தனை துப்புக் கொடுத்தாலும் “யாரும் வரலையே” என்று உறுதியாகச் சொன்னால் அந்தச் செய்தி பதியவே இல்லை. அங்கே அல்சைமர் கூடவே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

இதுவரை நடந்தவற்றில் மிகக் கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வு பென்ஸ். அதன் முடிவு 2025-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. 99 பேருக்கும் ஷன்ட் வைத்து, ஒரு பாதிக்கு வால்வைத் திறந்தும் மறு பாதிக்கு ஏறக்குறைய மூடியும் வைத்தார்கள். மூன்று மாதத்தில் வால்வு திறந்திருந்தவர்களின் நடைவேகம் நொடிக்கு சராசரி 0.23 மீட்டர் கூடியது, மற்றவர்களுக்கு 0.03 மட்டுமே. நடைக்கு ஷன்ட் உதவுகிறது என்பதில் இனிச் சந்தேகம் இல்லை. ஆனால் ‘மோகா’ என்ற 30 மதிப்பெண் அறிவுத்திறன் சோதனையிலும், சிறுநீர்த் தொல்லையிலும் இரு குழுக்களுக்கும் இடையே தெளிவான வித்தியாசம் இல்லை. மூன்று மாதம் என்பது யோசனை தேறுவதற்குக் குறுகிய காலம், மோகாவும் வேகத்தை நேரடியாக அளக்கும் சோதனை அல்ல. இதை மறந்து ‘ஞாபகத்துக்குப் பயனே இல்லை’ என்று முடிவுகட்ட வேண்டாம். நடைக்காகச் செய்துகொள்வது, யோசனை தேறினால் கூடுதல் பலன் என்று எடுத்துக்கொள்வதே நியாயமான மனநிலை.

எது எப்போது தேறும்?

நடை பலருக்கு முதல் சில நாள்களிலோ வாரங்களிலோ மாறத் தொடங்கும். கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் இருப்பது குறையும், திரும்பும்போது எடுக்கும் எட்டுகள் குறையும். சிறுநீர் அவசரம் அதற்குப் பிறகு, சீரற்று. யோசனையின் வேகம் ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதம்வரை மெல்லத் தேறும், சிலருக்கு ஒரு வருடம்வரைகூட. ஏறுமுகமாகவே போகும் என்று நினைக்காதீர்கள். சளிக்காய்ச்சல், தூக்கமில்லாத இரவு, மலச்சிக்கல் இவற்றில் ஏதாவது வந்தால் ஒரு வாரம் பின்னுக்குப் போய், பிறகு திரும்ப வருவார்கள்.

நோய் தொடங்கி எவ்வளவு காலம் கழித்து ஷன்ட் வைத்தார்கள் என்பது முக்கியம். ஒரு வருடத்துக்குள் வைத்தவர் தேறும் அளவுக்கு, ஐந்து வருடம் கழித்து வைத்தவர் தேறுவது அரிது.

இடுப்பில் நீர் எடுத்துப் பார்த்தபோது நடை தேறியது, ஞாபகம் மாறவில்லை. அப்படியானால் ஷன்டிலும் ஞாபகம் மாறாதா?

அப்படிச் சொல்லமுடியாது. அந்தச் சோதனையில் 30 முதல் 50 மி.லி. நீரை எடுத்து, சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடையை அளக்கிறார்கள். அவ்வளவு குறுகிய நேரத்தில் யோசனை மாறுவது அரிது.

அறுவை முடிந்த இரண்டாம் நாள் ஆளே மாறிவிட்டார். குழம்புகிறார், இல்லாததைப் பார்க்கிறார். ஷன்ட் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இது டெலிரியம், அதாவது மயக்க மருந்து, இடமாற்றம், வலி, தூக்கக்கேடு ஆகியவற்றால் முதியவர்களுக்கு வரும் திடீர்க் குழப்பம். காலையில் தெளிவாகவும் இரவில் மோசமாகவும் இருக்கும். சிலர் கூச்சல் போடாமல் சுருண்டு படுத்திருப்பார்கள். ‘அசதியாக இருக்கிறார்’ என்று விட்டுவிடுவதால் இந்த அமைதியான வகைதான் அதிகம் தவறவிடப்படுகிறது.

முதலில் தலையின் சிடி எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்யவேண்டும். பிறகு, சிறுநீர் அடைத்துக்கொண்டிருக்கிறதா, மலம் போயிற்றா, ரத்தத்தில் சோடியம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, சிறுநீர்த்தொற்று உண்டா, டிரமடால் போன்ற வலிமருந்து கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். மூக்குக்கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் வீட்டிலிருந்து உடனே கொண்டுவந்து கொடுங்கள். பகலில் ஜன்னல் திறந்திருக்கட்டும், இரவில் விளக்கை அணையுங்கள், பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். வாதம் பண்ணித் திருத்த வேண்டாம். சில நாள்களில் அடங்கிவிடும். முழுத் தெளிவு வரச் சில வாரங்கள் ஆகலாம். இந்த நாள்களில் எடுக்கும் ஞாபகச் சோதனைக்கு மதிப்பில்லை.

அப்பா நன்றாக நடக்கிறார். ஆனால் எதிலும் ஈடுபாடு இல்லை, சும்மாவே உட்கார்ந்திருக்கிறார். மனச்சோர்வா?

வீட்டில் அதிகம் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். நாட்டமின்மையும் மனச்சோர்வும் வெளியே பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் வேறு வேறு. என்.பி.எச்.சில் அதிகம் வருவது நாட்டமின்மை. முன்மூளைக்குப் போகும் தொடர்பு மந்தமானதால் ஒன்றைத் தொடங்கும் உந்துதலே எழுவதில்லை. அவருக்குத் துக்கம் இல்லை. பேரன் வந்து கையைப் பிடித்து இழுத்தால் கூடப் போவார், தாயம் ஆடினால் சிரிப்பார், ஆட்டம் முடிந்ததும் மறுபடி சும்மா உட்கார்ந்துவிடுவார். “கவலையா இருக்கா?” என்றால் “இல்லையே” என்பார். அது உண்மை.

மனச்சோர்வு வந்தவரிடம் துன்பம் தெரியும். “நான் உங்களுக்குப் பாரம்”, “போய்ச்சேர்ந்தா தேவலை” என்பார். பசி குறையும், விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வரும், பேரன் வந்தாலும் முகம் மலராது. மருத்துவர்கள் ஜிடிஎஸ் என்னும் 15 கேள்விப் பட்டியலைக் கேட்பார்கள். 5 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு பார்க்கவேண்டும். இரண்டும் ஒருவரிடமே இருக்கவும் கூடும்.

பிரித்தறிவது ஏன் முக்கியம்? சிகிச்சை மாறுகிறது. நாட்டமின்மைக்கு மனச்சோர்வு மாத்திரை பெரிதாக உதவாது, சில நேரம் அதே மாத்திரை உணர்வை இன்னும் மழுங்கடிக்கும். அதற்கு முதலில் வால்வு சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அடுத்தது அன்றாட ஒழுங்கு. “என்ன செய்யலாம்?” என்று கேட்டால் பதில் வராது. “எழுந்திருங்க, செருப்பு போடுங்க, பால் வாங்கிட்டு வருவோம்” என்று தொடக்கத்தை நீங்கள் கொடுக்கவேண்டும். தொடங்கிவிட்டால் மீதியை அவரே செய்வார். அவர் சோம்பேறியுமில்லை, பிடிவாதக்காரரும் இல்லை. திட்டினால் உந்துதல் பிறக்காது.

ஷன்ட் வைத்த பிறகு, தேறிவரும்போது மனச்சோர்வு வருமா?

வரும். தேறுகிறாரே, பிறகு ஏன் அழுகிறார் என்று குடும்பம் திகைக்கும். யோசனை தெளியும்போது, போன இரண்டு வருடம் என்ன ஆயிற்று, சிறுநீர் போனதை யார் கழுவினார்கள், கடை சாவி ஏன் மகனிடம் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு உறைக்கத் தொடங்குகிறது. அறுவையிலிருந்து அதிகம் எதிர்பார்த்தவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் மாதத்தில் ஏமாற்றமும் சேரும். அந்த நேரத்தில் “நல்லாத்தானே இருக்கீங்க” என்று வாயடைப்பதைவிட, சொல்வதைக் கேட்பது மேல்.

துன்பம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். முதியவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படுவது செர்ட்ராலின், 25 மி.கி.யில் தொடங்கி 50-க்கு ஏற்றுவார்கள், அல்லது எஸ்சிட்டலோபிராம், 5 மி.கி.யில் தொடங்கி 10 வரை. பலன் தெரிய நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். இரண்டு எச்சரிக்கைகள். இந்த மாத்திரைகள் முதியவர்களுக்கு ரத்த சோடியத்தைக் குறைக்கலாம். சோடியம் குறைந்தால் குழப்பம், தள்ளாட்டம், சோர்வு எல்லாம் வந்து ஷன்ட் அடைத்ததுபோலவே தோன்றும். தொடங்கிய இரண்டு வாரத்தில் ஒரு சோடியம் சோதனை எடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது. அடுத்து, ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோ கூடவே சாப்பிடுபவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடும். ஷன்ட் உள்ளவருக்கு மூளைச்சவ்வுக்கடியில் ரத்தம் கசியும் ஆபத்து ஏற்கெனவே உண்டு என்பதால் இதை அறுவை மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

“செத்துடலாம்” என்ற பேச்சு எழுந்தால் அதே நாளில் மருத்துவரிடம் போங்கள். முதியவர்கள் சொல்வதை விளையாட்டாக எடுக்கக் கூடாது.

சாதுவாக இருந்தவர் இப்போது எரிந்து விழுகிறார். ஏன்?

மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். வலிப்பு வராமலிருக்க லெவடிரசெட்டம் எழுதியிருக்கிறார்களா? எரிச்சல், கோபம், அழுகை இவை அதன் தெரிந்த பக்கவிளைவுகள். வலிப்பே வந்திராதவருக்கு முன்னெச்சரிக்கையாகக் கொடுத்தது பல மாதம் தொடர்ந்துகொண்டிருப்பதும் உண்டு. நீங்களாக நிறுத்தாமல், எழுதிய மருத்துவரிடம் ‘இது இன்னும் தேவையா’ என்று கேளுங்கள். மருந்து காரணமில்லை என்றால் வலி, மலச்சிக்கல், தூக்கக்குறைவு, அளவுக்கு மேல் நீர் வடிவதால் வரும் தலைவலி ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.

ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளில் எவை யோசனையை மந்தமாக்கும்?

சிறுநீர் அவசரத்துக்கு எழுதும் ஆக்சிபியூட்டினின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் எழுதும் அமிட்ரிப்டிலின், சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், அல்பிரசோலம், குளோனசிபாம். முதல் மூன்றும் ஞாபகத்துக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைத் தடுக்கின்றன. ஷன்டால் கிடைத்த தெளிவை ஒரு மாத்திரை மறைத்துவிடும். சிறுநீர் அவசரத்துக்கு மிராபெக்ரான் போன்ற மாற்று உண்டு. ரத்த அழுத்தத்தைப் பார்த்துத்தான் அதைக் கொடுக்கவேண்டும். அல்பிரசோலம் வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், மருத்துவர் சொற்படி படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்.

என்.பி.எச். என்று தெரியுமுன் பார்க்கின்சன் என நினைத்து லெவோடோபா கொடுத்திருப்பார்கள். அது இன்னும் வேண்டுமா என்பதையும் நரம்பியல் மருத்துவர் பார்க்கவேண்டும். இதையும் திடீரென நிறுத்தக்கூடாது.

வால்வு அளவை மாற்றினால் யோசனையும் மனநிலையும் மாறுமா?

மாறும், பல நேரம் இதுதான் சாவி. வெளியிலிருந்து காந்தக் கருவியால் மாற்றக்கூடிய புரோகிராமபிள் வால்வு என்றால், புறநோயாளிப் பிரிவிலேயே சில நிமிடங்களில், வலியில்லாமல் மாற்றலாம். முதியவர்களுக்குப் பெரும்பாலும் கொஞ்சம் உயர்ந்த அழுத்தத்தில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒரு முறை ஒரு படி குறைப்பார்கள். அவசரப்பட்டு இரண்டு மூன்று படி ஒரேயடியாகக் குறைத்தால் நீர் அதிகமாக வடிந்து, மூளை மண்டையோட்டிலிருந்து விலகி, இடையில் உள்ள சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டு ரத்தம் கசியும். பென்ஸ் ஆய்விலும் வால்வு திறந்திருந்தவர்களிடமே மூளைச்சவ்வுக்கடியில் ரத்தக்கசிவு அதிகமாக இருந்தது.

குறைவாக வடிந்தால் பழைய தொல்லைகள் அப்படியே இருக்கும், அல்லது கொஞ்சம் தேறிய பிறகு நின்றுவிடும். அதிகமாக வடிந்தால் உட்கார்ந்தாலோ நின்றாலோ தலைவலி வரும், படுத்தால் குறையும், குமட்டல், காது அடைப்பு, இரைச்சல், நாளெல்லாம் சோர்வு. ‘படுத்தே கிடக்கிறார், மனசு சரியில்லை’ என்று சொல்லப்படும் சிலர் உண்மையில் எழுந்தால் தலை வலிப்பதால் படுத்துக்கொள்கிறார்கள். எழுந்த பத்து நிமிடம் கழித்துத் தலைவலியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

இந்தியாவில் பலருக்கு வைக்கப்படுவது விலை குறைந்த நிலையான அழுத்த வால்வு. உத்தரப் பிரதேசத்தின் ஷாஜஹான்பூரில் தயாராகும் சாப்ரா ஷன்ட் பரவலாகப் புழங்குகிறது. நிலையான வால்வுக்கு அளவு மாற்றும் வழி இல்லை, மாற்றவேண்டுமானால் மறுபடி அறுவை வேண்டும். அறுவைக்கு முன்பே எந்த வகை வைக்கப்போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தேறுகிறாரா என்று வீட்டில் எப்படி அளப்பது?

‘பரவாயில்லை’, ‘அப்படியே இருக்கார்’ என்ற சொற்களை வைத்து எந்த மருத்துவரும் வால்வை மாற்ற முடியாது. ஒரு நோட்டுப் புத்தகமும் கைக்கடிகாரமும் போதும். அறுவைக்கு முன் ஒரு முறை, பிறகு இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம். ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், காலை உணவுக்குப் பிறகு, அதே செருப்புடன் செய்யுங்கள்.

முதலில் நடை. கைப்பிடி உள்ள நாற்காலியிலிருந்து 3 மீட்டர் தூரத்தில் தரையில் கோடு போடுங்கள். எழுந்து, கோடுவரை நடந்து, திரும்பி வந்து உட்காரும்வரை நொடிகளையும், திரும்பும்போது எத்தனை எட்டு எடுக்கிறார் என்பதையும் எழுதுங்கள். கூடவே ஒருவர் கையெட்டும் தூரத்தில் நடக்கவேண்டும். கைபேசியில் படம் பிடித்து வைத்தால் மருத்துவருக்கு அது பத்து வாக்கியங்களுக்குச் சமம்.

பிறகு யோசனை. ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்கிறார்? அடுத்த முறை காய்கறி, அதற்கடுத்து ஊர்ப் பெயர். ஒரே பட்டியலைக் கேட்டால் பழகிவிடும், தேறியதுபோல் பொய்யாகத் தெரியும். 20-லிருந்து 1 வரை பின்னோக்கி எண்ண எத்தனை நொடி, எத்தனை தவறு? வேகம் தேறுகிறதா என்பது இவ்விரண்டிலும் நன்றாகத் தெரியும்.

மூன்றாவது, பலரும் விட்டுவிடுவது: ஒரு நாளில் அவராகத் தொடங்கியவை எத்தனை? தானாகப் பேச்சு எடுத்தது, தண்ணீர் கேட்டது, செய்தித்தாளை எடுத்தது, சாமி விளக்கை ஏற்றியது. மூன்று நாள் எண்ணிச் சராசரி எழுதுங்கள். நாட்டமின்மை குறைகிறதா என்று காட்ட வீட்டில் இதைவிட நல்ல அளவு இல்லை.

மருத்துவமனையில் மோகா சோதனை செய்தால் தமிழ் வடிவத்தில் கேளுங்கள். பள்ளிப்படிப்பு குறைந்தவருக்கு மதிப்பெண் குறைவாகத்தான் வரும். மற்றவரோடு ஒப்பிடாமல், அவருடைய பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடவேண்டும்.

வீட்டில் என்ன பயிற்சி கொடுக்கலாம்?

மாதக்கணக்கில் விலையுள்ள ‘மூளைப் பயிற்சி’ செயலிகளைவிட, அவர் வாழ்க்கையில் முன்பே இருந்த வேலைகள் மேல். காய் நறுக்குவது, பால் கணக்கு எழுதுவது, பூத்தொடுப்பது, கோலம் போடுவது, பல்லாங்குழி. திட்டமிடுதல், கவனம், வரிசை எல்லாம் இவற்றில் உண்டு. தொடக்கத்தில் ஒரு வேலைக்கு 15 முதல் 20 நிமிடம் போதும், களைத்துவிடுவார். படிகளைப் பிரித்துச் சொல்லுங்கள்: “தட்டை எடுங்க”, முடிந்ததும் “கத்திரிக்காயை எடுங்க”. கேள்வி கேட்டபின் பத்து நொடி பொறுங்கள். நாம் முந்திக்கொண்டு பதில் சொன்னால் அவர் முயல்வதையே விட்டுவிடுவார்.

பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த நடைப்பயிற்சியைத் தினமும் செய்யவேண்டும். நடந்துகொண்டே பேசுவதைப் பின்னால், மேற்பார்வையில்தான் சேர்க்கவேண்டும். முதல் வாரங்களில் நடக்கும்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம், கவனம் பிரிந்து விழுந்துவிடுவார். காது, கண் இரண்டையும் சோதியுங்கள். கேட்காதவர் பதில் சொல்லாமல் இருப்பதை மறதி என்று நினைத்துவிடுகிறோம். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத்தடை உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். பி12, தைராய்டு அளவுகளையும் ஒரு முறை பார்த்துவிடலாம்.

நடை தேறிய பிறகும் ஏன் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள்?

கால் முதலில் தேறுகிறது, நிதானம் பிறகு தேறுகிறது. இடைப்பட்ட சில மாதங்கள் ஆபத்தானவை. முன்பு எழவே முடியாதவர் இப்போது நள்ளிரவில் யாரையும் கூப்பிடாமல் கழிப்பறைக்கு எழுந்துபோவார், ஈரத்தரையைக் கவனிக்கமாட்டார். ஷன்ட் உள்ள தலை அடிபட்டால் ரத்தக்கசிவு எளிதில் வரும். கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி, இரவு விளக்கு, வழுக்காத விரிப்பு, வேட்டி தடுக்காதபடி கட்டுவது, படுக்கைக்குப் பக்கத்தில் அழைப்பு மணி. இவை அறுவைக்கு முன்பே தயாராக இருக்கட்டும். விழுந்து தலையில் அடிபட்டால் அன்றே சிடி எடுக்கவேண்டும். மறுநாள் நன்றாக இருந்தாலும் அடுத்த சில வாரம் புதிய தலைவலி, தூக்கக் கலக்கம், ஒரு பக்கம் பலவீனம் வருகிறதா என்று கவனியுங்கள்.

இதே காரணத்தால், வங்கிக் கணக்கு, பத்திரக் கையெழுத்து, வண்டி ஓட்டுவது எல்லாம் உடனே திருப்பிக் கொடுக்கப்பட வேண்டியவை அல்ல. மூன்று மாதச் சோதனைக்குப் பிறகு மருத்துவரோடு பேசி ஒவ்வொன்றாக. ஆனால் சிறு பணத்தை அவர் கையில் கொடுப்பதை அதுவரை தள்ளிப்போட வேண்டாம். தன் காசை எண்ணுவது அவருடைய மரியாதைக்கும் பயிற்சிக்கும் நல்லது.

அல்சைமரும் சேர்ந்திருக்கிறது என்கிறார்கள். ஷன்ட் வீணா?

இல்லை. இரண்டும் சேர்ந்திருப்பது முதியவர்களிடம் சாதாரணம். நடையும் சிறுநீரும் அப்போதும் தேறலாம். தன் காலில் கழிப்பறைக்குப் போவது அவருக்கும் பார்த்துக்கொள்பவருக்கும் பெரிய விஷயம். ஞாபகம் தேறுவது குறைவாக இருக்கும், தேறியது ஓரிரு வருடத்தில் மறுபடி சரியலாம். டோனெபெசில் போன்ற மருந்தை மருத்துவர் சேர்க்கக்கூடும், அதற்குமுன் இதயத்துடிப்பைப் பார்க்கவேண்டும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? செல்போன் காந்தம் ஏதாவது செய்யுமா?

எடுக்கலாம், வால்வு எந்த வகை என்று முன்பே சொல்லவேண்டும். ஸ்ட்ராட்டா, பழைய கோட்மன் ஹக்கீம் வகைகளின் அளவு எம்.ஆர்.ஐ. காந்தத்தில் நகரக்கூடும், எடுத்ததும் சரிபார்த்தாக வேண்டும். புரோகாவ், செர்டாஸ் பிளஸ் போன்றவை 3 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) வரை தாங்குபவை. வீட்டில், காந்தம் உள்ள ஹெட்ஃபோன், கைபேசி உறை, ஸ்பீக்கர் போன்றவற்றை வால்விலிருந்து குறைந்தது 5 செ.மீ. தள்ளி வையுங்கள். கைபேசியை வால்வு இல்லாத பக்கக் காதில் வைத்துப் பேசச் சொல்லுங்கள்.

ஒரு வருடம் நன்றாக இருந்தார். இப்போது மறுபடி மந்தமாகிறார். வயசுதானா?

வயது என்று சொல்லுமுன் ஷன்டைச் சோதித்தே ஆகவேண்டும். குழாய் அடைக்கலாம், கழுத்தில் அறுந்துபோகலாம், வயிற்றுமுனை இடம் மாறலாம், வால்வு அளவு நகர்ந்திருக்கலாம். சில வாரங்களில் சரிந்தால் ஷன்ட் மீது சந்தேகம் அதிகம். வருடக்கணக்கில் மெல்லச் சரிந்தால் அல்சைமரோ, சிறு ரத்தக்குழாய் அடைப்புகளோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓரிரு நாளில் சரிந்தால் தொற்று, சோடியம் குறைவு, புதிய மருந்து, ரத்தக்கசிவு என்று தேடவேண்டும். நடையும் சேர்ந்து கெடுகிறதா என்பது நல்ல துப்பு: நடை அப்படியே இருந்து ஞாபகம் மட்டும் குறைந்தால் ஷன்ட் கோளாறாக இருக்கும் வாய்ப்பு குறைவு.

மலச்சிக்கலை அலட்சியப்படுத்தாதீர்கள். வயிற்றுக்குள் அழுத்தம் கூடினால் நீர் வடிவது குறைந்து, ஷன்ட் அடைத்ததுபோலவே எல்லாம் திரும்பும். போதிய தண்ணீர், கீரை, தேவையானால் லாக்டுலோஸ் கொடுத்து வயிறு சரியானதும் சில நாளில் தெளிந்துவிடுபவர்கள் உண்டு. இதைச் சாக்காக வைத்து மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடவும் கூடாது.

காய்ச்சலோடு குழப்பம், குழாய் போகும் வழியில் சிவப்பு அல்லது வீக்கம், காயத்திலிருந்து நீர் கசிவு, வயிற்று வலி, விடாத வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள், நரம்பியல் அறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனையாகப் பார்த்து. தொற்று பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் வரும். போகும்போது வால்வின் பெயர், வகை, கடைசியாக வைத்த அளவு, தேதி எழுதிய அட்டை, நன்றாக இருந்தபோது எடுத்த சிடி படம், அளவு நோட்டு மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். நன்றாக இருந்த நாளின் படம் கையில் இல்லாவிட்டால், இன்றைய ஸ்கேனில் தெரியும் நீரறை வழக்கமான அளவா, புதிதாகப் பெருத்ததா என்று அந்த இரவு பணியில் இருக்கும் மருத்துவரால் சொல்ல முடியாது.